பதினோராவது படி

திங்கட்கிழமை காலை பத்து மணிக்குப் பல் கிளினிக்கின் கதவைத் தள்ளிக்கொண்டு நூருன்னிசா உள்ளே வந்தாள். அழுது வீங்கிய முகத்தை எதிர்பார்த்து ரஞ்சிதம் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டாள். வந்தவளோ முகம் கழுவி, முக்காட்டைத் திருத்தமாக ஊசி குத்தி, கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தவளைப் போல நின்றாள். கையில் ஒரு பெரிய பிளாஸ்டிக் பை. அதற்குள் சின்னச் சின்ன உறைகள், ஒவ்வொன்றின் மேலும் ஒரு எண்.

"டாக்டர் இருக்காரா ரஞ்சி?"

"பெர்த்துக்கு மாநாட்டுக்குப் போயிருக்காருக்கா. புதன்கிழமதான் வருவாரு. உக்காருங்க."

"டாக்டர் வேணாம். ஒங்கிட்டதான் ஒண்ணு கேக்கணும். அர்ஃபானுக்கு நாளைக்கு அலைனர் மாத்துற நாள்லா? பதினொண்ணு முடிஞ்சு பன்னெண்டு. அவன் வந்து சேர ரெண்டு மூணு நாளாச்சுன்னா, பன்னெண்டு உள்ள ஏறுமா? இல்ல, இன்னும் கொஞ்ச நாளு பதினொண்ணையே போட்டுக்கிட்டு இருக்கணுமா?"

 பெற்றவளைத் தவிர வேறு யாருக்கு இப்படிக் கேட்கத் தோன்றும்? மகன் கடலில் காணாமல் போய் நாலு நாள். அவன் வந்ததும் எந்த எண் பல்லுறையை மாட்ட வேண்டும் என்று கேட்டுக்கொண்டு, பஸ் பிடித்து, டன்லப் ஸ்திரீட் மாடிப்படி ஏறி வந்திருக்கிறாள்.

நடந்தது இதுதான். நூருன்னிசாவின் கணவர் அஹமது கபீர் கப்பல்களுக்குச் சரக்குக் கொடுக்கிறவர். நங்கூரம் போட்டு நிற்கிற கப்பலுக்கு அரிசி, வெங்காயம், சோப்பு, சிம் கார்டு என்று மாலுமிகள் கேட்டதையெல்லாம் படகில் கொண்டுபோய் ஏற்றுகிற வியாபாரம். அவருடைய வாப்பா காலத்திலிருந்தே அந்தக் குடும்பத்துக்குக் கடல்தான் சோறு. இப்போது படகில் போய் வருகிறவன் மகன் அர்ஃபான், வயது இருபத்தேழு. போன வியாழக்கிழமை பிற்பகல் துவாஸுக்கு அப்பால் அந்தப் படகு தீப்பிடித்துக்கொண்டது. உள்ளே இருந்தது இரண்டே பேர், அர்ஃபானும் படகோட்டி பிரேமும். பக்கத்துக் கப்பல்காரர்கள் தகவல் சொல்லி, காவல் படகு போய்ச் சேர்வதற்குள் பாதிப் படகு எரிந்துவிட்டது.

ஓர் உடல்தான் கிடைத்தது. முகத்தைப் பார்த்து இன்னார் என்று சொல்லுகிற நிலையில் அது இல்லை. இரண்டு பேரும் ஏறக்குறைய ஒரே வயது, ஒரே உயரம். இன்னொருவன் என்ன ஆனான்? குதித்திருக்கலாம். ஏதாவது கப்பல் அவனைத் தூக்கிப் போட்டுக்கொண்டு, தகவல் சொல்லத் தோன்றாமல் போய்க்கொண்டிருக்கலாம். கடல் விஷயத்தில் மனிதனுக்கு நம்பிக்கை வைக்க எப்படியாவது ஒரு மூலை கிடைத்துவிடுகிறது, பாழாய்ப் போன கடல்.

மரபணுச் சோதனை முடிவு வர செவ்வாய்க்கிழமை ஆகும், பல்லைப் பார்த்தால் அதற்கு முன்பே ஓரளவு சொல்லிவிடலாம் என்றார்கள். பிரேம் நாகப்பட்டினத்துக்காரன். பல் டாக்டர் வாசலையே அவன் மிதித்ததில்லை. ஆகவே எல்லாரும் வந்து நின்ற இடம் இந்தக் கிளினிக். வெள்ளிக்கிழமை மத்தியானம் போலீஸிலிருந்து போன் வந்தது. அர்ஃபானின் பல் ஸ்கேன் வேண்டும், உடனே வேண்டும் என்றார்கள். எக்ஸ்ரே எடுத்தது வெளியே ஒரு நிலையத்தில். அவர்களிடமிருந்து அது வரத் திங்கட்கிழமை ஆகும். கையில் இருந்தது ரஞ்சிதத்தின் ஸ்கேன் ஒன்றுதான்.

ரஞ்சிதம் டாக்டர் இல்லை. பதினெட்டு வருஷமாகப் பல் மருத்துவ உதவியாளர். முதலில் மாவு குழைத்து வாயில் அப்பி அச்சு எடுத்துக்கொண்டிருந்தவள், ஸ்கேனர் வந்தபிறகு அதைக் கற்றுக்கொண்டு, இப்போது அந்த ஒரு வேலையைத்தான் பார்க்கிறாள். கட்டைவிரல் தடிமனில் ஒரு கோலை வாய்க்குள் விட்டு, பல் பல்லாக நகர்த்திக்கொண்டே போனால், எதிரே திரையில் ஈறு இளஞ்சிவப்பாகவும் பல் வெள்ளையாகவும் வளர்ந்துகொண்டே வரும். பிறகு அதில் ஒட்டியிருக்கிற நாக்கையும் உதட்டையும் வெட்டி எறிந்து, ஒவ்வொரு பல்லையும் தனித்தனியாகப் பிரித்து, எந்தப் பல் எங்கே போக வேண்டும் என்று டாக்டர் சொல்கிறபடி கால் மில்லிமீட்டர் கால் மில்லிமீட்டராக நகர்த்த வேண்டும். ஒவ்வொரு நகர்த்தலும் ஒரு படி. ஒவ்வொரு படிக்கும் ஒரு மாதிரி அச்சடித்து, அதன் மேல் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்கைச் சூடாக்கி அழுத்தினால் அதுதான் அலைனர். இரண்டு வாரத்துக்கு ஒன்று. அர்ஃபானுக்கு இருபத்து நாலு படி. ஜனவரி கடைசியில் அது முடியும். ஜனவரி கடைசியில்தான் அவனுக்கு நிக்காஹ்வும் வைத்திருந்தார்கள்.

அவனுக்கு இடது பக்கம் மேலே ஒரு தெத்துப்பல். கோரைப்பல் வரிசையில் நிற்காமல் மேலே ஏறி, சற்றே திரும்பி, உதட்டைத் தள்ளிக்கொண்டு எட்டிப் பார்க்கும். ஸ்கேன் எடுத்த அன்று நூருன்னிசாவும் கூடவே வந்து, அந்தப் பல்லை நேராக்கவே கூடாது என்று வாசலில் நின்று சண்டை போட்டாள்.

"அல்லா குடுத்த பல்லுடா அது. எனக்கும் அதே எடத்துல இருக்கு. ஒங்க வாப்பா என்ன வேணாம்னா சொன்னாரு?"

"வாப்பா காலத்துல கல்யாணத்துக்கு நாலு போட்டோம்மா. இப்ப நானூறு எடுக்கிறாங்க லா," என்றான் அவன், வாயில் கோலை வைத்துக்கொண்டே. "ரஞ்சிக்கா, என் வாய வச்சு நீங்க வீடியோ கேம்தானே ஆடுறீங்க? உண்மையச் சொல்லுங்க."

"வாய மூடாத, ஆட்டாத, பேசாத," என்று ரஞ்சிதம் அதட்டினாள். பேசாதே என்று சொன்னால் பேசாமல் இருக்கிற பிள்ளையா அவன்! மூன்று தடவை திரும்ப ஸ்கேன் எடுக்க வேண்டியிருந்தது.

வெள்ளிக்கிழமை அந்த ஃபைலைத் திறந்தபோது அவளுக்குக் கண் மறைத்தது. திரையில் அவன் வாய், அந்தத் தெத்துப்பல். அடியில் நகர்த்துகிற கோடு, பூஜ்யத்திலிருந்து இருபத்து நாலு வரை. ஒவ்வொரு நோயாளிக்கும் அந்தக் கோட்டைக் கடைசி வரை இழுத்து, "பாருங்க, இப்படி வரும்" என்று காட்டுவது அவளுடைய வழக்கம். அந்த இடத்தில்தான் எல்லாருக்கும் முகம் மலரும். கை பழக்கத்தில் போனதா, மனது கேட்டதா, யாருக்குத் தெரியும்? அவள் அர்ஃபானின் கோட்டையும் கடைசி வரை இழுத்தாள். தெத்துப்பல் மெல்ல இறங்கி, திரும்பி, வரிசையில் வந்து நின்றது. ஜனவரியில் மாப்பிள்ளைச் சட்டையில் அவன் சிரித்திருக்க வேண்டிய சிரிப்பு அது. அதைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள். போன் மறுபடி அடித்தது. மூக்கைத் துடைத்துக்கொண்டு ஃபைலை அனுப்பினாள். "இத்துடன் நோயாளியின் அசல் ஸ்கேன்" என்று ஒரு வரியும் எழுதினாள்.

சனிக்கிழமை மத்தியானம் பதில் வந்துவிட்டது. அந்த உடலின் பல்லும் அர்ஃபானின் பல்லும் பொருந்தவில்லை. முடிவாகச் சொல்ல மரபணு அறிக்கை வர வேண்டும் என்றும்தான் சொல்லியிருந்தார்கள். அந்த இரண்டாவது பாதியை யார் காதில் வாங்கினார்கள்? அஹமது கபீர் வீட்டில் எல்லாரும் தொழுகைப் பாயில் விழுந்தார்கள். ரஞ்சிதம் வேலை முடிந்து நேராக வீரமாகாளியம்மன் கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்துவிட்டு, அப்புறம்தான் வீடு இருக்கிற பிடோக்குக்கு ரயில் ஏறினாள். ஞாயிறு முழுக்க அவளுக்குச் சோறு ருசித்தது.

அந்த ருசியோடுதான் இன்று காலை கிளினிக்கைத் திறந்திருந்தாள்.

"அவன் வரட்டும்க்கா, பாத்துக்கலாம்," என்றாள் இப்போது. "பல்லு கொஞ்சம் பின்னால போயிருந்தாலும் திரும்ப ஒரு ஸ்கேன் எடுத்துக்கலாம்."

நூருன்னிசா தலையாட்டினாள். பையை மடியில் வைத்துக்கொண்டு உறைகளை ஒவ்வொன்றாக எடுத்து எண் பார்த்து அடுக்கினாள். ஒன்றிலிருந்து பத்து வரை அவன் போட்டுக் கழற்றியவை. பன்னிரண்டிலிருந்து இருபத்து நாலு வரை பிரிக்காதவை. பதினொன்று இல்லை. அது அவன் வாயில் போயிருந்தது.

"இன்ஸ்பெக்டர் நல்ல மனுசன் ரஞ்சி. பேப்பர்ல வரஞ்சே காட்டினாரு. மவுத்தாப் போனவருக்கு எடது பக்கம் மேல கோரப்பல்லு வெளிய தள்ளிக்கிட்டு இருக்காம். நீ குடுத்த ஸ்கேன்ல அந்தப் பல்லு நேரா, வரிசையா இருக்காம். அதனால அது எம்புள்ள இல்லன்னு சொல்லிட்டாரு."



நேராக இருக்கிறதா? ரஞ்சிதம் எடுத்த ஸ்கேனில் அந்தப் பல் எங்கே நேராக இருந்தது?

நூருன்னிசா அடுக்குவதை நிறுத்தவில்லை. தலை நிமிராமலே கேட்டாள்: "அஞ்சு மாசமா மாட்டிக்கிட்டு இருக்கானே. அதுக்குள்ள நேராயிருக்கும்தானே?"

"ஒரு நிமிஷம் இருங்கக்கா."

உள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, வெள்ளிக்கிழமை அனுப்பிய மின்னஞ்சலைத் திறந்தாள். ஃபைல் பெயரின் வாலில் எண் இருந்தது. இருபத்து நாலு. திரையில் எது நிற்கிறதோ அதைத்தான் அந்த மென்பொருள் வெளியே அனுப்பும். பதினெட்டு வருஷ அனுபவஸ்திக்கு இது தெரியாதா? தெரியும். புதிதாக வருகிறவர்களுக்கு அவளே சொல்லிக்கொடுத்திருக்கிறாள்.

அவள் அனுப்பியது அர்ஃபானின் பல்லே இல்லை. அர்ஃபானுக்கு ஜனவரியில் வரவிருந்த பல். உலகத்தில் ஒருநாள்கூட யார் வாயிலும் இருந்திராத பல். அதைக் கொண்டுபோய் ஓர் உயிரற்ற உடலோடு ஒப்பிட்டுப் பார்த்து, பொருந்தவில்லை என்று சொல்லியிருக்கிறார்கள். எப்படிப் பொருந்தும்? வாயில் மாட்டியிருந்த அலைனரோ, அதன் பிடிமானத்துக்காகப் பல்லின் மேல் ஒட்டுகிற சின்னப் பசை மேடுகளோ அது அர்ஃபான் என்று காட்டிக் கொடுத்திருக்கும். நெருப்பு அவற்றையும் விட்டுவைக்கவில்லை போலிருக்கிறது.

டாக்டர் தனசேகரனுக்குப் போன் போட்டாள். நடந்ததைச் சொன்னாள்.

"அவங்ககிட்ட ஒண்ணும் சொல்லிடாத ரஞ்சிதம்," என்றார். "நாளைக்கு டி.என்.ஏ. வந்துரும். அதுல எல்லாம் தன்னால தெரிஞ்சிரும். எக்ஸ்ரேவும் இன்னிக்கு வருது. நம்ம அனுப்பினதப் பத்தி அப்புறம் யாரும் கேக்கப் போறதில்ல. நீயா போயி வாயக் குடுத்து மாட்டிக்காத. நான் வந்து லாயர்கிட்ட பேசுறேன்."

"சரி டாக்டர்," என்றாள். வைத்துவிட்டாள்.

அவர் சொன்னதில் தப்பென்ன? ஒரே ஒரு நாள். நாளைக்கு அரசாங்கமே சொல்லிவிடும். இன்று ஒரு நாள் அந்தத் தாய் பன்னிரண்டாம் எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்துவிட்டுப் போகட்டுமே. நாற்பத்து மூன்று வயதில் வேலை போனால் வேறு எந்தக் கிளினிக் இவளைச் சேர்க்கும்? உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிக்கத்தான் வேண்டும், சரி, ஆனால் இன்றைக்கே குடிக்க வேண்டுமா என்று அவள் மனது பேரம் பேசியது. வெட்கமாக இருந்தது, ஆனாலும் பேசியது.

அப்போதுதான் பிரேமின் நினைவு வந்தது. அந்த உடல் அர்ஃபான் இல்லையென்றால் பிரேமாகத்தான் இருக்க வேண்டும் என்று அவனை வேலைக்கு வைத்திருந்த படகுக் கம்பெனி சனிக்கிழமையே நாகப்பட்டினத்துக்குப் போன் பண்ணிவிட்டதாம். அங்கே அவன் தாய் மரியம்மாள் மார்பில் அடித்துக்கொண்டிருப்பாள். ஒரு வீட்டில் ரஞ்சிதம் பாயசம் வைத்தாள் என்றால் இன்னொரு வீட்டில் கொள்ளி வைத்திருக்கிறாள். ஒரு விரல் அசைவில் இரண்டும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம், இதை எங்கே கொண்டுபோய் மறைப்பது?

கதவு திறந்தது. நூருன்னிசா நின்றுகொண்டிருந்தாள்.

"என்ன ரஞ்சி?"

"அக்கா..." ரஞ்சிதம் ஸ்டூலைக் காட்டினாள். "உக்காருங்கக்கா."

"நின்னுக்கிட்டே கேக்குறேன். சொல்லு."

"நான் ஒரு பெரிய தப்புப் பண்ணிட்டேன்க்கா. நான் அனுப்பினது அவனோட பல்லு இல்ல. கடைசியில எப்படி வரும்னு கம்ப்யூட்டர்ல போட்டு வச்சிருந்தோம்ல, அது. இருபத்து நாலாவது. அழுதுக்கிட்டே பாத்துக்கிட்டு இருந்தேன், அப்படியே அனுப்பிட்டேன். அவனுக்கு இப்ப அந்தப் பல்லு நேராயிருக்காதுக்கா. பாதிதான் வந்திருக்கும். வெளிய தள்ளிக்கிட்டுதான் இருக்கும்."

சொல்லி முடித்தாள். அறை, திட்டு, நாற்காலியைத் தூக்கி அடி, எது வந்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக நின்றாள். நூருன்னிசா அவளைத் தாண்டி வந்து, நோயாளிகள் உட்காருகிற ஸ்டூலில் உட்கார்ந்தாள். 

"எனக்குத் தெரியும்," என்றாள்.

"அக்கா?"

"இன்ஸ்பெக்டர் அந்தப் பல்ல வரஞ்சாருல்ல, அப்பவே தெரியும். நான் பெத்த பல்லு எனக்குத் தெரியாதா? கம்ப்யூட்டர் வேற மாதிரி சொல்லுதுன்னாங்க. அப்ப கம்ப்யூட்டருக்குத்தான் தெரியும்னு நெனச்சுக்கிட்டேன். நெனச்சுக்கிட்டேன்னா, வலுக்கட்டாயமா நெனச்சுக்கிட்டேன். அவன் வாப்பா பாவம், ரெண்டு நாளா தூங்காம ஒவ்வொரு கப்பல் ஏஜென்ட்டுக்கா போன் அடிச்சுக்கிட்டு இருக்காரு. கட்டிக்கப் போற புள்ள நஸீஹா நேத்து வந்து எங்கூட சாப்பிட்டுட்டுப் போறா. அவங்க மொகத்தப் பாத்து நான் எப்படிச் சொல்லுவேன்? நீ ஆமான்னு சொல்லணும்னுதான் இன்னிக்கு வந்தேன். அஞ்சு மாசத்துல நேராயிரும்க்கா, கண்டிப்பா நேராயிருக்கும்னு நீ ஒரு வார்த்த சொல்லணும்னு வந்தேன்."

ரஞ்சிதம் அவள் காலடியில் தரையில் உட்கார்ந்து அழுதாள்.  நூருன்னிசா அழவில்லை. அவள் கண் திரையில் இருந்தது.

"இதுதான் நீ அனுப்பினதா?"

"ஆமாக்கா."

இரண்டு வரிசைப் பல்லும் முத்துக் கோத்தது போல நின்றன. நூருன்னிசா மூக்குக் கண்ணாடியைத் தேடவில்லை. கண்ணைச் சுருக்கிக்கொண்டு வெகு நேரம் பார்த்தாள்.

"அழகாத்தான் இருக்கு," என்றாள். "இது எம்புள்ள இல்ல. அவங்க ஒண்ணும் தப்பாச் சொல்லல. பின்னால கொண்டு போ."

ரஞ்சிதம் எழுந்து கோட்டைப் பிடித்தாள். இருபத்து மூன்று. இருபது. பல் வரிசை லேசாகக் கலைந்தது. பதினேழில் அந்தக் கோரைப்பல் முதல்முதலாக அசைந்து உதட்டுப் பக்கம் வந்தது. பதினாலில் மேலே ஏறத் தொடங்கி, முனை திரும்பியது.

"மெதுவா."

பதின்மூன்று. பன்னிரண்டு.

"இன்னும் கொஞ்சம். நிறுத்து."

நிறுத்தினாள். நூருன்னிசா ஸ்டூலோடு முன்னால் நகர்ந்து வந்து, திரையில் அந்தப் பல்லின் மேல் விரலை வைத்தாள். திரையைத் தொடக் கூடாது என்று எத்தனையோ பேரை அதட்டியவள் ரஞ்சிதம். இப்போது அதட்டவில்லை.

"இதான். வியாழக்கெழம காலையில பரோட்டாவ வாயில வச்சுக்கிட்டே என்னப் பாத்துச் சிரிச்சான். அலைனரக் கழட்டி டிஸ்யூல சுத்தி மேசையில வச்சிருந்தான். குப்பைன்னு நெனச்சு நான் தூக்கிப் போடப் போனேன், அதுக்குத்தான் சிரிச்சான். இப்படியே இருந்துச்சு. இதே அளவு வெளிய, இதே மாதிரி கொஞ்சம் சாஞ்சு."

திரையின் மூலையில் எண் பொடி எழுத்தில் இருந்தது. கண்ணாடி இல்லாமல் அவளுக்கு அது தெரிந்திருக்க வழியே இல்லை. பதினொன்று.

"அனுப்பு," என்றாள் நூருன்னிசா.

"அக்கா, டாக்டர் நாளைக்கு வரைக்கும்..."

"எந்த நாளைக்கு? மவுத்தானவன மண்ணுக்குள்ள வைக்காம நாலு நாளாப் பெட்டிக்குள்ள போட்டு வச்சிருக்கோம். அங்க ஒரு தாய் எம்புள்ளைக்காக அழுதுக்கிட்டு இருக்கா. அவ அழுகைய நான் இன்னும் ஒரு நாளைக்கு வாங்கி வச்சுக்கணுமா? அனுப்பு லா, ரஞ்சி. எனக்கு மறுபடி தைரியம் வராது."

ரஞ்சிதம் அனுப்பினாள். இந்தத் தடவை ஃபைலின் வாலை மூன்று முறை சரிபார்த்தாள். "வெள்ளிக்கிழமை அனுப்பியது தவறான படம். இருபத்து நாலு படியும் முடிந்தபின் வரக்கூடிய பல் அது. இப்போது அனுப்புவது பதினோராவது படி, அவர் கடைசியாக இருந்த நிலை. தவறு என்னுடையது" என்று எழுதி, அடியில் தன் முழுப் பெயரைப் போட்டாள். படகுக் கம்பெனிக்கும் உடனே தகவல் சொல்லி, நாகப்பட்டினத்துக்குப் பேசச் சொல்லும்படி கேட்டு இன்னொரு வரியும் சேர்த்தாள். எழுதியபின் பயம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். பயம் அப்படியேதான் இருந்தது.

நூருன்னிசா வரவேற்பறைக்கு வந்து பையைத் திறந்தாள். ஒன்றிலிருந்து பத்து வரையிலான உறைகளை எடுத்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். மீதிப் பதின்மூன்றையும் மேசையில் ரஞ்சிதத்தின் பக்கம் தள்ளினாள்.

"இதெல்லாம் நீ வச்சுக்க."

"கபீர் பாய்க்கு நான் வந்து சொல்லட்டுமாக்கா? என் தப்புதானே."

"வேணாம். நான் சொல்லிக்குவேன். நான்தான் சொல்லணும்." முக்காட்டைச் சரிசெய்துகொண்டு கதவு வரை போனவள் நின்றாள். "ரெண்டு நாளு எம்புள்ள உசுரோட இருந்தான் ரஞ்சி, ஒன்னால. அதுக்கு ஒன்னச் சபிக்கிறதா, என்ன செய்யிறதுன்னு எனக்கு இப்பத் தெரியல. அப்புறமா தெரிஞ்சா வந்து சொல்றேன்."

படியில் அவள் இறங்குகிற சத்தம், ஒவ்வொரு படியாக, நின்று நின்று கேட்டது. ரஞ்சிதம் பின்னால் போகவில்லை. போகத் தனக்கு என்ன உரிமை என்று நின்றுவிட்டாள்.

மத்தியானம் இரண்டரை மணிக்குப் போன் வந்தது. பேசியது இன்ஸ்பெக்டர் இல்லை, பல்லை ஒப்பிட்டுப் பார்க்கிற நிபுணர், ஒரு பெண். குரலில் கோபம் இருந்தது, ஆனால் அவர் திட்டவில்லை. வெளியிலிருந்து எக்ஸ்ரேவும் இப்போதுதான் வந்தது, இரண்டையும் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றார்.

"ஒண்ணு மட்டும் சொல்லுங்க. மொத்தம் இருபத்து நாலு படின்னு போட்டிருக்கீங்க. இந்த மாதிரிப் படத்த நான் ஒப்பிட்டுப் பாக்கிறதுன்னா, அன்னிக்கு அவர் எந்தப் படியில இருந்தாருன்னு உறுதியாத் தெரியணும். பதினொண்ணுன்னு எழுதியிருக்கீங்க. அட்டவணைய வச்சுச் சொல்றீங்களா? நிறையப் பேரு ஒழுங்கா மாத்துறதில்லையே."

"அட்டவணை இல்லம்மா," என்றாள் ரஞ்சிதம். "அவங்க அம்மா பாத்துச் சொன்னாங்க."

 மறுமுனையில் மவுஸைத் தட்டும் சத்தம் இரண்டு தடவை கேட்டது.

"சரியாச் சொல்லியிருக்காங்க," என்றார் அந்தப் பெண்.